இரு தரப்பும் சமாதானம்: எந்த இரு தரப்பு?

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு,

“மனு விசாரிக்கப்பட்டது. இரு தரப்பும் சமாதானமாகச் சென்றுவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை என முடிக்கப்பட்டது.”

எங்கள் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தவர்களைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்கு, போன வாரம் ஒரு காவல் நிலையத்தில் ரைட்டர், அதாவது எழுத்துப் பணி பார்க்கும் காவலர், பதிவேட்டைப் புரட்டி எனக்குப் படித்துக் காட்டிய வரி இது. நான் சமாதானமாகப் போகவில்லை. என்னோடு அன்றிரவு வண்டி ஓட்டியவரும் போகவில்லை. எங்களைக் கூப்பிட்டு யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் அதைவிட என்னை உறுத்தியது அந்த “இரு தரப்பு” என்ற சொல்தான். வரப்புத் தகராறிலும் வாய்க்கால் சண்டையிலும் இரு தரப்பு இருக்கலாம். அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கப் போனவள் எப்படி ஒரு தரப்பு ஆனாள்? இந்தக் கேள்விக்கு அந்த ரைட்டர் பதில் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லலாம் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

டெல்டா மாவட்டம் ஒன்றில் 108 ஆம்புலன்ஸில் 8 ஆண்டுகளாக மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். செவிலியர் படிப்பு முடித்து இதற்கு வந்தவள். 12 மணி நேர ஷிப்ட். வண்டியில் என்னையும் ஓட்டுநரையும் தவிர யாரும் இல்லை. ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம். வயதில் மூத்தவர் என்பதால் அவரை நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். இந்த மடலிலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அது தை மாதம். சம்பா அறுவடை நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதிச் சாலையில் நெல் காயும். இரவில் குவித்துத் தார்ப்பாய் போட்டு, வண்டி ஏறிவிடாதபடி ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். விளக்கில்லாத சாலையில் அந்தக் கற்கள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து கல்லில் ஏறிக் குவியலின் மேல் விழுந்துவிட்டார்கள். அழைப்பு வந்தபோது நாங்கள் 26 கிலோமீட்டர் தள்ளி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவ வலியோடு வந்த ஒரு பெண்ணை இறக்கிக்கொண்டிருந்தோம். வார்டில் படுக்கை கிடைத்து எங்கள் ஸ்ட்ரெச்சர் காலியானால்தான் நாங்கள் கிளம்ப முடியும். கிளம்பி இடத்துக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று.

38 நிமிடம் என்பது அங்கே நிற்பவர்களுக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் கிடந்தால் நானும் கத்துவேன். ஆகவே கத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருவனுக்குக் காலில் மட்டும் அடி. இன்னொருவன் நினைவில்லாமல் கிடந்தான். வாயில் ரத்தமும் வாந்தியும். மூச்சு குறட்டை போல இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தை அசைக்காமல் தாடையை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உறிஞ்சுகுழாயை விட்டேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் முகமெல்லாம் நெல். ரத்தத்தில் ஒட்டிக்கொண்ட நெல்மணிகளை வழித்தெடுத்தால்தான் காயம் எங்கே என்றே தெரியும் என்ற நிலை. அண்ணன் கழுத்துப் பட்டையோடும் பலகையோடும் ஓடி வந்தார். அப்போதுதான் ஒருவர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தார். “எங்கேடா குடித்துவிட்டுக் கிடந்தாய் இவ்வளவு நேரம்?” அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கண்ணால் பார்த்தேன், கும்பிட்டார். அதற்குப் பிறகு ஒரு கல் வண்டியின் முன் கண்ணாடியில் விழுந்தது. அடுத்த கல் அண்ணனின் இடது புருவத்தில். நெல்லைக் காக்க வைத்திருந்த அதே கருங்கற்கள்.

நான் எழுந்திருக்க முடியாது. தாடையை விட்டால் அந்தப் பையனுக்கு மூச்சு அடைத்துவிடும். முழங்காலில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து நின்றதால் பிழைத்தோம். அவருக்கு என் நன்றி என்றும் உண்டு. அண்ணனின் தலையில் துணிக்கட்டுப் போட எனக்கு அரை நிமிடம்தான் கிடைத்தது. முன் கண்ணாடி இல்லாத வண்டியில், தைப் பனியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் 26 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னால் நான் செயற்கை மூச்சுப் பையை அமுக்கி அமுக்கி அந்தப் பையனுக்கு மூச்சுக் கொடுத்தபடி இருந்தேன். பையன் பிழைத்தான். இப்போது ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறான். அண்ணனுக்கு 6 தையல்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இதற்கு மேல் நடந்ததுதான் என் வழக்கு.

நள்ளிரவு தாண்டி அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குப் போனோம். பணியில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். “அந்தப் பையன் உயிருக்குப் போராடுகிறான். இப்போது போய் அவனுடைய சொந்தக்காரன் மேல் வழக்குப் போட்டால் ஊரே சாலை மறியலில் உட்காரும். கொஞ்சம் பொறுங்கள் அம்மா” என்றார். பொறுப்பதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். முதல் தகவல் அறிக்கைக்கும் சி.எஸ்.ஆருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனு கிடைத்தது என்பதற்கான சீட்டு அது, அவ்வளவுதான். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்து தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் காவல் நிலைய மேசைகளில் முதலில் எடுக்கப்படுவது சி.எஸ்.ஆர். புத்தகமே.

இரண்டாவது, வண்டி. “வழக்குப் போட்டால் வண்டி இங்கே நிற்க வேண்டும். சேதத்தைப் பார்த்து மகஜர் எழுத வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். நான்கு நாளாவது ஆகும்” என்றார். எங்களை இயக்கும் நிறுவனத்தின் மேலாளர் போனில் முதலில் கேட்டதும் அதுதான்: “வண்டி எப்போது ரோட்டுக்கு வரும்?” அவரையும் நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வண்டி நின்றால் சுற்றியுள்ள 40 கிராமங்களுக்கு அடுத்த வண்டி எங்கிருந்தோ வர வேண்டும். இன்னொருவர் வீட்டில் 38 நிமிடம் 60 நிமிடம் ஆகும். அங்கேயும் ஒரு கல் பறக்கும். ஆக, நியாயம் கேட்டால் ஊருக்கு ஆம்புலன்ஸ் இல்லை. ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் நியாயம் கேட்காதே. என் தோழர்களில் பலர் புகார் கொடுக்காமல் திரும்புவதற்குப் பயம் மட்டும் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியை நிறுத்திவைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது, சட்டம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். 2008ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது, மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவ நிறுவனங்கள் மீதும் வன்முறை செய்தால் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றேன். அந்த அதிகாரி கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதில் மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், மருத்துவ நிறுவனத்தில் வேலை செய்யும் துணை மருத்துவப் பணியாளர் இருக்கிறார். டிரைவர் எங்கே இருக்கிறார்? கல் விழுந்த இடம் சாலைதானே, ஆஸ்பத்திரி இல்லையே?” என்றார். அவர் கேட்டது தப்பிக்கும் கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்க இடம் வைத்தது யார்?

சரி, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்த குற்றமாவது ஆகுமா என்றால், நாங்கள் அரசு ஊழியர்களும் இல்லை. அரசோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனத்தின் ஆட்கள். அதே சாலையில், அதே இரவில், எங்களுக்குப் பக்கத்தில் தீயணைப்புத் துறையினர் நின்றிருந்தால் அவர்கள்மேல் விழும் கல்லுக்கு ஒரு பிரிவு, எங்கள்மேல் விழும் கல்லுக்கு வேறொரு பிரிவு. ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் என்று பேச்செடுத்தால் மட்டும் நாங்கள் அத்தியாவசியச் சேவை ஆகிவிடுகிறோம்! 2020ல் எங்கள் மேல் பூத்தூவினார்கள். முன்களப் பணியாளர் என்ற பட்டமும் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 19 இரவு சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் அடித்தார்கள். ஓட்டுநர்கள் ரத்தம் வடிய நின்றதால் கூடவே போன மருத்துவரே வண்டியைத் திருப்பி ஓட்டிப்போனார். பிறகு அவரே திரும்பிச் சென்று மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். மூன்று நாளில், ஏப்ரல் 22 அன்று, மத்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், ஓராண்டுக்குள் வழக்கு முடிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் அது கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டும். கொரோனா போயிற்று, அந்தப் பாதுகாப்பும் போயிற்று. கல் மட்டும் இருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் போனால், 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. வழிவிட்டுவிட்டுக் கல்லெறிந்தால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது.

கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே 10 அன்று கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் இளம் பயிற்சி மருத்துவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவன் காவல்துறையே சிகிச்சைக்கு அழைத்து வந்த ஆள். இரண்டே வாரத்தில் அவர்கள் தங்கள் பழைய சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் போட்டார்கள். அதில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்ற சொல் இருக்கிறது. பாதுகாவலர், உதவியாளர் என்ற சொற்கள் இருக்கின்றன. ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், முதல் தகவல் அறிக்கை பதிந்த 60 நாளில் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே அங்குள்ள உயர் நீதிமன்றம், மருத்துவர்கள் தாக்கப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஒரு பெண் சாகும்வரை அவர்களும் சட்டத்தைத் தொடவில்லை என்பதும் உண்மை. நமக்கு அப்படி ஒரு நாள் வர வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

2025 ஆகஸ்டில் துறையூரில் அரசியல் கூட்டம் நடந்த இடத்துக்கு வந்த 108 ஊழியர்கள் தாக்கப்பட்டபோது தொலைக்காட்சிகள் காட்டின, வழக்குப் பதிவானது. கேமரா இல்லாத சாலைகளில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது. கூட்டம் நடத்தும் எல்லாக் கட்சியினருக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஆள் இல்லாத வண்டி ஏன் சைரன் போட்டுக்கொண்டு வருகிறது, வேண்டுமென்றே அனுப்புகிறார்களா என்று மேடையிலிருந்து கேட்கிறீர்கள். ஆளை ஏற்றத்தான் வருகிறது, ஐயா. அடுத்த மாதமே கரூரில் 41 பேர் நெரிசலில் செத்தார்கள். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குள் வண்டி புகுவது எவ்வளவு கடினம் என்பதை அதற்குப் பிறகும் எங்களிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள்.

இனிக் காவல்துறையோடு ஒத்துழைப்பு என்ற விஷயம். இந்தச் சொல்லை ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் பார்க்கிறேன். நாங்கள் ஒத்துழைக்காமல் இல்லை. விபத்து நடந்த இடத்தில் வண்டி எப்படிக் கிடந்தது, யார் எந்தப் பக்கம் விழுந்திருந்தார்கள் என்பதைக் காவலர் வருமுன் பார்ப்பது நாங்கள்தான். சொல்லச் சொன்னால் சொல்கிறோம். ஆனால் ஒத்துழைப்பு என்ற பெயரில் எங்களிடம் கேட்கப்படுபவற்றில் சில, எங்கள் வேலையின் அடிவேரையே வெட்டுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவியை வீட்டிலிருந்து ஏற்றிவந்தோம். தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவள். வழியெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஏதோ சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். அவளை இறக்கிவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. “பெண் என்ன சொன்னாள்? காதல் விவகாரமா? முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் போடுங்கள்.” போடவில்லை என்பதற்காக அடுத்த ஒரு மாதம் அந்தச் சரகத்தில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை வேறு மாதிரி இருந்தது.

அப்படி முயன்றவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருத வேண்டும், அவர்களை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஊரில் அது யாருக்கும் தெரியாது. ஊரில் தெரிந்ததெல்லாம் “108ஐக் கூப்பிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்” என்பதுதான். அதனால் எங்களைக் கூப்பிடாமல் ஒரு சரக்கு வேனில் போட்டுத் தனியார் மருத்துவமனைகளின் வாசல்களில் அலைந்துவிட்டு, கடைசியில் எங்களைக் கூப்பிட்டவர்களை நான் ஏற்றியிருக்கிறேன். அவர்களில் எல்லோரும் பிழைக்கவில்லை. எங்கள் நீலச் சட்டையைக் காக்கியின் இன்னொரு நிறமாக மக்கள் பார்க்கத் தொடங்கினால் எங்கள்மேல் கல் விழுவது கூடும், எங்களுக்கு அழைப்பு வருவது குறையும்.

சாட்சி சம்மன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலையில் போகிறவர் ஒருவர் அடிபட்டவரைத் தூக்கிவிட்டால் அவருக்கு 2016 மார்ச் 30 உச்ச நீதிமன்ற உத்தரவும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் துணை நிற்கின்றன. பெயர் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மிக நல்ல சட்டம். அதே ஆளை அதே இடத்திலிருந்து தூக்கிய எனக்கு இதுவரை 11 சம்மன் வந்திருக்கிறது. போகிற நாளுக்குச் சம்பளம் கிடையாது, பஸ் டிக்கெட் என் செலவு. நான்கு ஆண்டுக்கு முந்தைய விபத்து ஒன்றுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் வாய்தா. நான்காம் முறை கூண்டில் ஏறினால் கேட்ட கேள்வி, ஹெல்மெட் என்ன நிறம் என்பது.

அண்ணனின் கதையை முடித்துவிடுகிறேன். சம்பவம் நடந்த பத்தாம் நாள் அந்த ஊரிலிருந்து இருவர் ஒரு பையில் ஆப்பிளும் உறையில் 3,000 ரூபாயும் கொண்டுவந்தார்கள். அண்ணன் ஆப்பிளை எடுத்துக்கொண்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார். பதிவேட்டில் எழுதியிருக்கும் “சமாதானம்” இந்த ஆப்பிளாகத்தான் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். இப்போது அரிசி ஆலை லாரி ஓட்டுகிறார். “மூட்டை அடிக்காது தங்கச்சி” என்று போனில் சிரிக்கிறார். இரவில் எந்தச் சந்தில் திரும்பினால் எந்தத் தெரு வரும் என்று அறிந்த 10 ஆண்டு அனுபவம் நெல் மூட்டைக்குப் போய்விட்டது. “இன்னுயிர் காப்போம்” திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் அறிவித்தீர்கள். அதனால் பிழைத்த குடும்பங்களை நான் அறிவேன். அந்த 48ல் முதல் மணி நேரம் எங்கள் வண்டிக்குள்தான் ஓடுகிறது. அந்த மணி நேரத்தை ஓட்டுகிறவரையும் கணக்கில் எடுங்கள்.

நான் கேட்பவை இவை.

சட்டமன்ற உறுப்பினர்களே, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைத் திருத்துங்கள். ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்ற சொற்கள் அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். அரசு ஊழியரா ஒப்பந்தப் பணியாளரா என்ற கேள்வி எழாதபடி எழுதுங்கள். நோயாளி கிடக்கும் சாலை, வீடு, வயல், ஓடும் வண்டி எல்லாமே மருத்துவம் நடக்கும் இடம் என்று சேருங்கள். 10 ஆண்டுத் தண்டனையை 15 ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தாங்க முடியாமல் என் தோளைப் பிடித்து உலுக்கிய தகப்பனைச் சிறைக்கு அனுப்ப எனக்கு விருப்பம் இல்லை. உலுக்கியதையும் கல்லெறிந்ததையும் பிரித்துப் பார்க்கும்படி தண்டனையைப் படிப்படியாக வையுங்கள்.

காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களே, ஆம்புலன்ஸ் பணியாளர் தாக்கப்பட்டதாகப் புகார் வந்தால் சி.எஸ்.ஆர். கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை, ஆய்வாளர் விசாரணை, 60 நாள் கெடு என்று எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் உத்தரவிடுங்கள். சேதமான வண்டியை எங்கே நிற்கிறதோ அங்கேயே போய் வீடியோ எடுத்து, மகஜர் எழுதி, அதே ஷிப்ட் முடிவதற்குள் விடுவியுங்கள். அடிதடி, கத்திக்குத்து, பெருங்கூட்டம் என்று அழைப்பில் தெரிந்தால் எங்களுக்குத் தகவல் வரும் அதே நேரத்தில் ரோந்து வண்டிக்கும் போக வேண்டும். பணியாளரிடம் காவலர் கேட்டுப் பெறலாம் என்பது நேரம், இடம், நோயாளி இருந்த நிலை, இறக்கிய மருத்துவமனை ஆகிய நான்கோடு நிற்கட்டும். நோயாளி எங்களிடம் சொன்னதும் அவருடைய படமும் வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவோடு கேட்கட்டும்.

செயலாளர் அவர்களே, மருத்துவமனையில் வன்முறை நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே புகார் கொடுக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதாரத் துறை தன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதையே எங்களுக்கும் செய்யுங்கள். தையல் போட்ட கையோடு ஓட்டுநர் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார வேண்டாம். மாவட்ட அதிகாரி புகார்தாரர் ஆகட்டும். அப்போது ஆப்பிள் பையைக் கொண்டு யாரும் வழக்கை முடிக்க முடியாது. வழக்குக்காக வண்டி நிற்க நேர்ந்தால் ஓடுவதற்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாற்று வண்டி நிற்கட்டும். நீதிமன்றம் போகும் நாளைப் பணிநாளாகக் கணக்கிட்டுப் பயணப்படி தாருங்கள். சாட்சியத்தைக் காணொலியில் பெற நீதித்துறையிடம் நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் சி.எஸ்.ஆர். எண், தேதி, அந்த நிலையத்தின் பெயர் மூன்றையும் தனியே உங்கள் மூன்று அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்த மனுவை மறுபடி திறந்து முதல் தகவல் அறிக்கையாக்கச் சொல்லுங்கள். “இரு தரப்பும்” என்று எழுதியிருக்கும் வரியில் இரண்டாம் தரப்பாகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று விசாரித்து எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஒருத்தி